வந்தவாசிப் போரை மேசையில் ஆடுவது எப்படி: இருவருக்கான மினியேச்சர் வார்கேம் வழிகாட்டி

மினியேச்சர் வார்கேம், அதாவது பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு, ஆட நினைப்பவர்களில் பலர் முதல் ஆட்டத்தையே ஆடாமல் நின்றுபோவதற்குக் காரணம் ஒன்றுதான். வாட்டர்லூ போன்ற பெரும்போரில் தொடங்கப் பார்ப்பார்கள். ஆயிரம் பொம்மை வாங்கி, முப்பதுக்குப் பெயிண்ட் அடித்ததும் அலுத்துவிடும். சின்னப் போராக எடுங்கள். இருபக்கமும் சேர்த்து இருபது அணிக்குள் அடங்கவேண்டும், ஒரே மாலையில் முடியவேண்டும், யார் ஜெயிப்பார் என்பது கடைசிவரை தெரியாமல் இருக்கவேண்டும். 1760 ஜனவரி 22 அன்று நடந்த வந்தவாசிப் போர் இந்த மூன்றுக்கும் பொருந்தும்.

நடந்தது இதுதான். பிரிட்டனும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போரின் இந்தியப் பகுதி. வந்தவாசிக் கோட்டை இங்கிலீஷ்காரர் கையில் இருக்கிறது, பிரெஞ்சுத் தளபதி லாலி அதை முற்றுகையிடுகிறார், கோட்டையைக் காப்பாற்ற இங்கிலீஷ் தளபதி அயர் கூட் தன் படையோடு வருகிறார். கூட்டிடம் ஐரோப்பியர் சுமார் 1,900 பேர், சிப்பாய்கள், அதாவது ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற இந்திய வீரர்கள், 2,100 பேர், உள்ளூர்க் குதிரைப்படை 1,250. லாலியிடம் 300 குதிரை வீரர்களையும் சேர்த்து ஐரோப்பியர் சுமார் 2,250, சிப்பாய்கள் 1,300. இதில் ஒரு பங்கு கோட்டை முற்றுகையிலேயே நின்றுவிட்டது. மராட்டியக் குதிரைப்படை ஒன்றும் லாலி பக்கம் இருந்தது, ஆனால் சண்டையில் இறங்கவில்லை. ஆகவே மேசையிலும் அதற்கு இடம் இல்லை.

கீழே உள்ள விதிகள் இந்த ஒரு போருக்காகவே சுருக்கி எழுதப்பட்டவை. கடையில் விற்கும் எந்த விதிநூலும் தேவையில்லை.

என்ன வேண்டும்

120 × 90 செ.மீ. இடம் வேண்டும். சாப்பாட்டு மேசை போதாவிட்டால் ஒரு பிளைவுட் பலகையை அதன்மேல் போடுங்கள். தரையில் ஆடவேண்டாம். ஒரு மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும், அடுத்த அரை மணியில் யாராவது ஒரு அணியை மிதித்துவிடுவார்கள். ஆறுமுகப் பகடை பத்து, செ.மீ. குறித்த இன்ச் டேப், அடிபட்டதைக் குறிக்க பாசிமணி ஒரு டப்பா. அடிக்கணக்கு வைக்கப் பகடையைப் பயன்படுத்தாதீர்கள். சண்டை சூடுபிடித்ததும் யாராவது அதையே எடுத்து உருட்டிவிடுவார்கள், கணக்கு போய்விடும்.

பொம்மைகளுக்கு 15 மி.மீ. அளவு வசதி. எல்லாவற்றையும் 4 செ.மீ. அகலப் பேஸில், அதாவது அடித்தட்டில், ஒட்டுகிறோம். காலாட்படைப் பேஸ் 3 செ.மீ. ஆழம், நான்கு பொம்மை. குதிரைப்படைப் பேஸ் 4 செ.மீ. ஆழம், இரண்டு பொம்மை. பீரங்கிக்கு 5 செ.மீ. ஆழம், மூன்று ஆள். ஒரு காலாட்படைப் பேஸ் ஏறக்குறைய 150 பேருக்குச் சமம். தூரக்கணக்கில் மேசையின் 1 செ.மீ. என்பது சுமார் 7 மீட்டர்.

இங்கிலீஷ் பக்கம்: டிரேப்பர் ரெஜிமெண்ட் 3 பேஸ், கூட் ரெஜிமெண்ட் 3, கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளம் இரண்டு தலா 2, கிரெனடியர் (பொறுக்கியெடுத்த காலாட்படை) 2. ஆக ஐரோப்பியக் காலாட்படை 12 பேஸ். சிப்பாய் அணி இரண்டு, தலா 3 பேஸ். குதிரை அணி இரண்டு, தலா 3 பேஸ். பீரங்கி 3.

பிரெஞ்சுப் பக்கம்: லொரேன் ரெஜிமெண்ட் 3 பேஸ், இந்திய பட்டாளம் (பெயர்தான் அப்படி, ஆட்கள் ஐரோப்பியர்) 4, லாலி ரெஜிமெண்ட் 3, குளக்கரை அரணில் கடற்படையினர் 2. இங்கேயும் 12. சிப்பாய் அணி இரண்டு, தலா 3. ஐரோப்பியக் குதிரை 2 பேஸ், ஒரே அணி. பீரங்கி 3.

சிப்பாய்களை மட்டும் ஆள்கணக்குக்குச் சரியாக வைக்கவில்லை. முடிவைத் தீர்மானித்தது ஐரோப்பிய வரிசைகள்தான். சிப்பாய்களை முழுக்க வைத்தால் மேசை நெரிசலாகும், ஆட்டம் இழுக்கும்.

மொத்தம் 178 பொம்மை, தளபதிகள் இருவர் தனி. எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிக்கும்வரை நண்பரைக் காக்கவைக்காதீர்கள். முதல் ஆட்டத்தை அட்டையில் ஆடுங்கள்: 4 × 3 செ.மீ. துண்டுகளாக வெட்டி, அணியின் பெயர் எழுதி, முன்பக்கம் எது என்று ஒரு அம்புக்குறி போட்டால் போதும். விதிகள் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொம்மைக்குக் காசு செலவழிப்பதே புத்திசாலித்தனம்.

பெயிண்ட்: நிறத்தில் ஒரு பொறி

உலோகப் பொம்மையை முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய எண்ணெய்ப்பசை போகாவிட்டால் பெயிண்ட் உரியும். அச்சுக்கோட்டைச் சின்ன அரத்தால் ராவி, பன்னிரண்டு பன்னிரண்டாக ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு. மழைநாளிலோ கடற்கரை ஊர்களின் புழுக்கத்திலோ ஸ்ப்ரே பிரைமர் அடித்தால் மேற்பரப்பு மாவு பூத்தாற்போல் சொரசொரப்பாகிவிடும். ஈரப்பதம் குறைந்த நேரம் பார்த்து அடியுங்கள், இல்லையேல் தூரிகையால் பூசும் பிரைமர் வாங்குங்கள். 1/72 அளவு மென்பிளாஸ்டிக் பொம்மை விலை குறைவுதான். ஆனால் அந்த பிளாஸ்டிக் வளையும், வளைந்தால் துப்பாக்கி முனையில் பெயிண்ட் விரிசல் விடும். பெயிண்ட்டுக்கு முன் ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து ஒரு பூச்சு கொடுத்தால் ஓரளவு தாங்கும்.

இங்கிலீஷ் படைக்குச் சிவப்புக் கோட்டு, பிரெஞ்சு லொரேனுக்கு வெள்ளை. இதுவரை சுலபம். ஆனால் லாலி ரெஜிமெண்ட் பிரெஞ்சு சேவையில் இருந்த ஐரிஷ் படை. அவர்களுக்கும் சிவப்புக் கோட்டுதான், கைமடிப்பு மட்டும் பச்சை. ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தால் இங்கிலீஷ் அணி மாதிரியே இருக்கும். சண்டை நடுவில் ‘என் ஆளைச் சுட்டுட்டியேடா’ என்ற சத்தம் கேட்பது இந்த ரெஜிமெண்டால்தான். பேஸின் பின்விளிம்புக்கு இங்கிலீஷ் என்றால் பழுப்பு, பிரெஞ்சு என்றால் நீலம் என்று ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அணியின் பெயரையும் அங்கேயே எழுதுங்கள்.

பேஸுக்கு 2 மி.மீ. எம்.டி.எஃப். பலகை நல்லது. அட்டை என்றால் ஃபெவிகால் தடவிய பக்கம் காயும்போது சுருங்கி வளையும். அடிப்பக்கமும் ஒரு பூச்சு தடவினால் வளைவு நேராகும். பொம்மையை ஒட்டிய பின் ஃபெவிகால் தடவி, சலித்த மணலைத் தூவி, காய்ந்ததும் பழுப்புச் சாயம்.

களம்

மண்நிற ஃபெல்ட் துணியை விரியுங்கள். மடிப்புத் தழும்பு இருந்தால் பேஸ் சாயும், ஆகவே முதலில் இஸ்திரி. களத்தில் கட்டாயம் இருக்கவேண்டியது ஒன்றே ஒன்று: பிரெஞ்சு இடப்பக்கம் அரணாக்கப்பட்டிருந்த குளக்கரை. தெர்மாகோலை 12 × 8 செ.மீ. அளவில் கரைபோல் செதுக்கி, சுவர்ப்பட்டி பூசி, காய்ந்தபின் பெயிண்ட் அடியுங்கள். ஃபெவிக்விக்கோ ஸ்ப்ரே பெயிண்டோ நேரடியாகத் தெர்மாகோலில் பட்டால் அது உருகிக் குழிவிழும். பட்டி பூசுவது அழகுக்கு மட்டுமல்ல, அதற்காகவும்தான்.

பிரெஞ்சு வரிசை அதன் விளிம்பிலிருந்து 25 செ.மீ. தள்ளி நிற்கும். பிரெஞ்சுக்காரர் கண்ணில் இடமிருந்து வலமாக: லாலி ரெஜிமெண்ட், இந்திய பட்டாளம், லொரேன், கடைசியில் குதிரை. லாலி ரெஜிமெண்டுக்கு முன்னே, விளிம்பிலிருந்து 35 செ.மீ.யில் குளக்கரை, அதில் கடற்படையினரும் ஒரு பீரங்கியும். மற்ற இரண்டு பீரங்கி அணிகளுக்கு இடையில். சிப்பாய்கள் பின்னால் முகாம் பக்கம்.

இங்கிலீஷ் வரிசை அதன் விளிம்பிலிருந்து 15 செ.மீ.யில். வலக்கோடியில், குளக்கரைக்கு எதிரே, டிரேப்பர். நடுவில் கம்பெனி பட்டாளங்கள். இடக்கோடியில், லொரேனுக்கு எதிரே, கூட் ரெஜிமெண்ட். பின்னால் கிரெனடியர், அதற்கும் பின்னால் சிப்பாய், இடப்பக்கம் பின்னே குதிரை. பீரங்கிகள் அணிகளின் இடைவெளியில். இரு வரிசைக்கும் நடுவே 50 செ.மீ. இருக்கும்.

ஒரு சுற்று எப்படி நடக்கும்

*முதலில் உத்தரவு.* இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்டுங்கள். இங்கிலீஷ் தளபதிக்குப் பகடை + 3, பிரெஞ்சுத் தளபதிக்குப் பகடை + 2. அத்தனை உத்தரவு அந்தச் சுற்றில் உங்கள் கையில். ஓர் அணியை நகர்த்தவோ, அணிவகுப்பு மாற்றவோ ஒரு உத்தரவு. தளபதி பொம்மையிலிருந்து 30 செ.மீ.க்கு அப்பால் உள்ள அணிக்கு இரண்டு. சுடுவதற்கு உத்தரவு வேண்டாம். அதிக உத்தரவு பெற்றவர் முதலில் நகர்த்துவதா, பிறகா என்று தேர்ந்தெடுப்பார். தளபதி பொம்மை இலவசமாக 25 செ.மீ. போகலாம்.

லாலிக்கு ஏன் ஒன்று குறைவு? அவருக்கும் அவருடைய அதிகாரிகளுக்கும் ஆகாது. அவர் சொன்னது சொன்ன நேரத்தில் நடக்கவில்லை. நகர்த்தவேண்டிய அணிகளும் அவருக்குக் குறைவு என்பதால் ஆட்டச் சமநிலை கெடாது.

*நகர்வு.* வரிசையாக நிற்கும் காலாட்படை 10 செ.மீ. பத்தியாக, அதாவது ஒரு பேஸ் அகலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் 15. குதிரை 25. பீரங்கி 8, நகர்ந்த சுற்றில் சுடமுடியாது. வரிசையிலிருந்து பத்திக்கோ பத்தியிலிருந்து வரிசைக்கோ மாற ஒரு முழு நகர்வு. திரும்பும்போது வெளிமுனை எவ்வளவு தூரம் போகிறதோ அதை அளக்கவேண்டும். புதியவர்கள் உள்முனையை அளந்து, ஒரே சுற்றில் அணியை அரைவட்டம் சுழற்றிவிடுவார்கள்.

*பீரங்கி.* எட்டும் தூரம் 60 செ.மீ. ஒரு பீரங்கிக்கு இரண்டு பகடை. தூரத்தில் 6 விழுந்தால்தான் அடி. 20 செ.மீ.க்குள் கேனிஸ்டர் (சிறுகுண்டுகள் நிரப்பிய டப்பா), 4 அல்லது அதற்கு மேல்.

*துப்பாக்கி.* எட்டும் தூரம் 15 செ.மீ. முன்வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பேஸுக்கும் ஒரு பகடை. 5 அல்லது 6 விழுந்தால் அடி. அந்த 5-ஐக் குறைப்பவை: 7 செ.மீ.க்குள் சுட்டால் ஒன்று, அந்த அணியின் முதல் வேட்டு என்றால் ஒன்று, இலக்கு பத்தியாக வந்தால் ஒன்று. இலக்கு அரணுக்குள் இருந்தால் ஒன்று கூடும். எது எப்படியானாலும் 1 வீண், 6 அடி. எதிரியின் பக்கவாட்டிலிருந்து சுட்டால் பகடை இரட்டிப்பு.

இருபக்கச் சூடும் ஒரே நேரத்தில் நடப்பதாகக் கணக்கு. இரண்டு பக்கமும் உருட்டி முடித்தபின்தான் பேஸ்களை எடுக்கவேண்டும். மூன்று அடிக்கு ஒரு பேஸ் போகும்.

முதல் வேட்டை எப்போது செலவழிப்பது என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். முன்கூட்டியே நிதானமாகக் கெட்டித்த குண்டு அது. அடுத்தடுத்தவை பதற்றத்தில் கெட்டித்தவை. 15 செ.மீ.யில் ஆசைப்பட்டுச் சுட்டுவிட்டால் மூன்று பேஸ் அணிக்குச் சராசரியாக ஒன்றரை அடிதான். 7 செ.மீ. வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தால் இரண்டு. பத்தியாக வருபவன் மேல் என்றால் இரண்டரை. முதல் வேட்டு போன அணியின் மேல் ஒரு கறுப்பு மணி வையுங்கள். இல்லாவிட்டால் ‘இன்னும் சுடலையே’ என்று ஒரு தகராறு உறுதி.

*உறுதிச் சோதனை.* ஒரே சூட்டில் இரண்டு அடி வாங்கினாலோ, ஒரு பேஸ் இழந்தாலோ அந்த அணி சோதனை எடுக்கவேண்டும். ஒரு பகடை + மிச்சமுள்ள பேஸ்களின் எண்ணிக்கை. கூட்டி 5 அல்லது மேல் வந்தால் நிற்கும். தளபதி 15 செ.மீ.க்குள் இருந்தால் +1, கிரெனடியருக்கு +1. சிப்பாய்க்கும் இங்கிலீஷ் பக்க உள்ளூர்க் குதிரைக்கும் −1, பக்கவாட்டில் அடிபட்டால் −1, ஏற்கெனவே குலைந்திருந்தால் −1. தவறினால் முகம் திருப்பாமல் 15 செ.மீ. பின்வாங்கி ‘குலைந்தது’ ஆகும். குலைந்த அணி முன்னேறாது. தளபதி அருகில் வந்து ஒரு உத்தரவு செலவழித்து 4 அல்லது மேல் உருட்டினால் மீளும். குலைந்த நிலையில் இன்னொரு தோல்வி என்றால் மேசையை விட்டே ஓடிவிடும்.

*கைகலப்பு.* பாய்கிற அணி நகர்வு எல்லைக்குள் எதிரியைத் தொடவேண்டும். எதிரி 7 செ.மீ.யில் ஒரு வேட்டு விடலாம், அந்தச் சுற்றில் அவனுக்கு அதோடு சரி. பாய்ந்தவர்கள் சோதனையில் தேறினால் மோதல். இருபக்கமும் பகடை + பேஸ் எண்ணிக்கை. பத்தியாகப் பாய்ந்தால் +1, பக்கவாட்டில் பாய்ந்தால் +3, அரணுக்குள் இருந்தால் +1. தோற்றவர் ஒரு பேஸ் இழந்து 15 செ.மீ. பின்வாங்குவார். சமன் என்றால் இருவருக்கும் ஓர் அடி, அடுத்த சுற்றிலும் தொடரும்.

ஒரு மோதலைப் பக்கத்தில் நின்று பார்ப்போம்

லொரேன் மூன்று பேஸ், பத்தியாக, கூட் ரெஜிமெண்டிலிருந்து 14 செ.மீ.யில். பிரெஞ்சு ஆட்டக்காரர் பாய்ச்சல் அறிவிக்கிறார். கூட் இதுவரை சுடவில்லை. லொரேன் 7 செ.மீ.க்கு வந்ததும் வேட்டு. வேண்டிய எண் 5. கிட்டம், முதல் வேட்டு, பத்தி என மூன்று குறைந்து 2 ஆகிறது. மூன்று பகடையில் 1, 4, 6 விழுகின்றன. இரண்டு அடி. பேஸ் போகவில்லை, ஆனால் சோதனை உண்டு. லொரேன் 3 உருட்டுகிறது, மூன்று பேஸ் சேர்த்து 6. தேறியது.

மோதல். லொரேனுக்கு 4 + 3 + பத்திக்கு 1, ஆக 8. கூட்டுக்கு 3 + 3, ஆக 6. கூட் ஒரு பேஸை இழந்து பின்வாங்குகிறது. இங்கிலீஷ் வரிசையில் ஓட்டை.

பிரெஞ்சு ஆட்டக்காரர் இங்கே கைதட்டுவார். தட்டட்டும். அடுத்த சுற்றில் பக்கத்துக் கம்பெனி பட்டாளம் ஒரு உத்தரவில் திரும்பி லொரேனின் விலாவில் சுடுகிறது. இரண்டு பேஸ், பக்கவாட்டால் நான்கு பகடை, முதல் வேட்டு, கிட்டம், பத்தி, வேண்டியது 2. மூன்று அடி விழுந்தாலே பழைய இரண்டோடு ஐந்து, ஒரு பேஸ் போய்விடும். சோதனையில் இனி பேஸ் 2, பக்கவாட்டுக்கு −1, ஆகவே 4 அல்லது மேல் வேண்டும். சரிபாதி வாய்ப்பு. பின்னால் கிரெனடியர் வேறு காத்திருக்கிறது. அன்று நடந்ததும் இதுவே. லொரேன் மோதிய இடத்தில் வரிசை பிளந்தது, ஆனால் இருபக்கமும் நின்றவர்கள் திரும்பி அதன் விலாவைத் தாக்க, அது சிதறி முகாமை நோக்கி ஓடியது.

லொரேனைத் தனியாக அனுப்பக்கூடாது. இந்திய பட்டாளமும் கூடவே முன்னேறிக் கம்பெனி பட்டாளங்களைக் கட்டிப்போட்டால்தான் அந்தப் பாய்ச்சலுக்குப் பயன். இரண்டுக்கும் உத்தரவு வேண்டும் என்பதால் லாலி பொம்மை அந்தப் பக்கமே நிற்கவேண்டும், அப்போது குளக்கரை அநாதை. பிரெஞ்சு ஆட்டக்காரரின் தலைவலி முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

இந்தப் போருக்கே உரிய மூன்று விதிகள்

குளக்கரையில் இருந்த வெடிமருந்து வண்டியில் இங்கிலீஷ் பீரங்கிக் குண்டு விழுந்து வெடித்தது. சுமார் 80 பேர் மாண்டோ காயப்பட்டோ போனார்கள், மற்றவர்கள் அரணை விட்டு ஓடினார்கள். மேசையில், அரணை நோக்கிச் சுடும் பீரங்கிக்கு இரண்டு பகடையும் 6 விழுந்தால் வண்டி வெடிக்கும். கடற்படையினர் ஒரு பேஸ் உடனே போகும், மிச்சம் குலைந்து 15 செ.மீ. பின்வாங்கும், லாலி ரெஜிமெண்ட் சோதனை எடுக்கும். ஒரு தடவைக்கு 36-ல் 1 வாய்ப்பு. மூன்று பீரங்கியும் எட்டுச் சுற்று அரணையே சுட்டால் கிட்டத்தட்ட பாதி ஆட்டங்களில் வெடிக்கும். அதற்காக எல்லாக் குண்டையும் அங்கேயே கொட்டினால் லொரேன் சேதமில்லாமல் வந்து சேரும்.

பிரெஞ்சுக் குதிரை அன்று முதலில் கிளம்பவே மறுத்தது. ஆகவே பாய்ச்சல் அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் 4 அல்லது மேல் உருட்டவேண்டும். லாலி பக்கத்தில் இருந்தால் +1. தவறினால் உத்தரவு வீண்.

பிரெஞ்சுச் சிப்பாய்களும் முன்னேற மறுத்தார்கள். அவர்களை முன்னே நகர்த்த 5 அல்லது மேல். பின்னே போகச் சோதனை வேண்டாம், அது அவர்களே விரும்புவது.

முடிவு

பத்துச் சுற்று, அல்லது ஒரு பக்கம் ஐரோப்பியக் காலாட்படையில் 6 பேஸ் இழக்கும்வரை. ஆறு இழந்தவர் தோற்றார். பத்துச் சுற்றும் முடிந்தால், எடுத்த ஒவ்வொரு பேஸுக்கும் 1 புள்ளி, குளக்கரையைப் பிடித்திருப்பவருக்கு 3. நிதானமாக ஆடினால் மூன்று மணி நேரம் ஆகும்.

புதியவருக்கு இங்கிலீஷ் பக்கத்தைக் கொடுங்கள். நிற்பது, காத்திருப்பது, சுடுவது என்று வேலை நேராக இருக்கும். இரண்டாம் ஆட்டத்தில் பக்கம் மாறுங்கள்.

தகராறு வராமல் இருக்க

ஆடத் தொடங்குமுன் நாலு விஷயம் பேசி முடியுங்கள். தூரத்தை எப்போது வேண்டுமானாலும் அளக்கலாமா? அளக்கலாம் என்றே வையுங்கள், கண்மதிப்பில் சண்டை வளரும். சாய்ந்து நிற்கும் பகடையும் மேசையிலிருந்து விழுந்த பகடையும் மறுபடி உருட்டப்படும். எதிராளியின் பொம்மையைக் கேட்காமல் தொடக்கூடாது. எடுக்கும்போது பேஸைப் பிடியுங்கள், பயோனெட்டை (துப்பாக்கிமுனைக் கத்தியை) பிடித்தால் வளையும். விதியில் இல்லாத சிக்கல் வந்தால் இரண்டு நிமிடத்துக்குமேல் வாதிக்காமல் ஒரு பகடை உருட்டி முடிவுசெய்து, ஆட்டம் முடிந்தபின் பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று ஆட்டத்துக்குப் பிறகு பிரெஞ்சுப் பக்கம் தொடர்ந்து தோற்றால் லாலிக்கும் பகடை + 3 கொடுத்துப் பாருங்கள். இங்கிலீஷ் பக்கம் வரிசையைக் கலைக்காமல் சும்மாவே நின்று பீரங்கியால் ஜெயித்தால், குளக்கரைப் புள்ளியை 3-லிருந்து 5 ஆக்குங்கள். டிரேப்பர் ரெஜிமெண்ட் அப்போது கிளம்பித்தான் ஆகவேண்டும். அன்றும் அது கிளம்பிப்போய் அரணைப் பிடித்தது. அதை மீட்க லாலி ரெஜிமெண்டோடு வந்த பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸியின் குதிரை சுடப்பட்டு, அவர் சிறைப்பட்டார். புஸ்ஸிக்கு ஒரு தனிப் பொம்மை வைத்து, அவர் சேர்ந்திருக்கும் அணிக்குக் கைகலப்பில் +1 தரலாம். அந்த அணி தோற்றால் ஒரு பகடை: 1 அல்லது 2 விழுந்தால் அவர் இங்கிலீஷ்காரர் பக்கம் போய்ச் சேர்ந்தார், 2 புள்ளி.